தவிடு நீங்காத உணவு

நெல்லின் உமியை நீக்கியவுடன் கிடைக்கும் மணி வெண்மையானதன்று. சில இனங்களில் அது செந்நிறமாக இருக்கும். வேறு சிலவற்றில் மங்கிய மண்ணிறமாக இருக்கும். அந்நிறம் அழுக்கன்று. மணியைப் போர்த்திருக்கும் தவிட்டுப் படையின் நிறமே அது. மணியின் ஒரு முனையில் முளை என்னும் சிறு கரு அமைந்திருக்கின்றது. எஞ்சிய இடத்தை நிறைப்பது வெண்மையான மாப்பகுதி. ஆலையிலே அரிசியை நன்கு தீட்டும்பொழுது தவிடும் முளையும் நீங்கி, மாப்பகுதி மாத்திரம் எஞ்சுகின்றது. எடையிற் குறைவது ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கே. ஆனால், அந்தப் பத்தில் ஒரு பங்கிலேதான் நார்ப்பொருளின் பெரும்பகுதியும், பி வகை விற்றமின்கள் பலவும், இரும்பு, மகனீசியம் முதலிய கனிப்பொருள்களும் அடங்கியுள்ளன. எடையில் இழப்பது சிறிது. சத்தில் இழப்பது பெரிது.

தயமின் எனப்படும் விற்றமின் பி1ஐ எடுத்துக்கொண்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். தீட்டாத அரிசி 100 கிராமில் அது ஏறக்குறைய 0.4 மில்லிகிராம் உண்டு. நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் அது 0.1 மில்லிகிராமுக்கும் குறைந்துவிடும். நார்ப்பொருளோ 3 கிராமுக்கு மேற்பட்ட நிலையிலிருந்து 1 கிராமளவுக்கு இறங்கிவிடும். கோதுமையின் கதையும் இதுவே. முழுக் கோதுமையை அரைத்த மாவுக்கும், தவிடும் முளையும் சலித்தெடுத்த வெள்ளை மாவுக்கும் பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

இவ்வுண்மையை உலகம் இலகுவில் அறிந்துவிடவில்லை. கைகால் மரத்து, நடை தளர்ந்து, இருதயம் வீங்கி மாந்தரை மாய்க்கும் பெரிபெரி என்னும் நோய், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலே ஆசியாவின் படைவீடுகளிலும் சிறைச்சாலைகளிலும் பெருகியது. அந்நோயின் பெயரே சிங்களச் சொல்லொன்றிலிருந்து பிறந்தது என்பது பலர் கொண்ட கருத்து. நோய்க்குக் காரணம் ஒரு கிருமியே என்று நம்பிய காலம் அது. ஒல்லாந்த மருத்துவரான கிறிஸ்தியான் எய்க்மான், இன்று ஜக்கார்த்தா என வழங்கும் பத்தேவியா நகரிலிருந்து அக்கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடத்துக் கோழிகள், நோயாளர் போலவே கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களின் பின்னர், மருந்தொன்றும் கொடாமலே அவை எழுந்து நடந்தன. காரணத்தை ஆராய்ந்தபொழுது ஒரு சிறு செய்தி வெளிப்பட்டது. இடையிலே, இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் எஞ்சிய தீட்டிய அரிசிச்சோறு கோழிகளுக்கு இடப்பட்டிருந்தது. புதிதாய் வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றை இக்கோழிகளுக்குக் கொடுப்பது முறையன்று என மறுத்துவிட்டார். கோழிகள் பழைய தீனிக்கு மீண்டன, நோயும் நீங்கியது.

எய்க்மானின் நண்பரான வோர்டர்மான் என்னும் மருத்துவர், யாவாத் தீவின் சிறைச்சாலைகளை ஆராய்ந்து 1897ஆம் ஆண்டிலே தம் முடிவுகளை வெளியிட்டார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவர் என்ற அளவில் நோய் கண்டது. தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளிலோ 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே கண்டது. கெரிட் கிரைன்ஸ் என்பவர், தவிட்டிலே உடம்புக்கு இன்றியமையாத ஒரு பொருள் இருக்கின்றது. அஃது இல்லாமையே நோய் என்று 1901இல் விளக்கினார். கசிமிர் பங்க் 1912இல் இத்தகைய பொருள்களுக்கு ‘விற்றமின்’ என்ற பெயரைச் சூட்டினார். எய்க்மானுக்கு 1929ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. கோழிகளின் தீனியிலே தொடங்கிய ஆராய்ச்சி மனிதரின் உணவு விஞ்ஞானத்துக்கு அடிகோலியது.

இவ்விடத்தில் தமிழர் சமையலின் ஒரு பழைய வழக்கத்தையும் நினைவுகூர்தல் தகும். நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திய பின்னர் குற்றும் முறையே அது. நெல் அவியும்பொழுது தவிட்டிலுள்ள விற்றமின்களிற் பெரும்பகுதி நீருடன் மணியின் உட்பகுதிக்குச் செல்கின்றது. அதனால், பின்னர் ஓரளவு தீட்டினாலும் சத்து முற்றாக நீங்குவதில்லை. குன்னூர் ஆய்வுகூடத்தின் தலைவராய் விளங்கிய வலஸ் அய்க்ரொய்ட் இதனை 1930களிலே ஆராய்ந்து காட்டினார். அக்காலச் சென்னை மாகாணத்தில், ஆலையிலே தீட்டிய பச்சையரிசியை உண்ட வடபுறத்துச் சர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி காணப்பட்டது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் அந்நோயினின்று தப்பின. புழுங்கலரிசியை விரும்பும் யாழ்ப்பாணத்துச் சமையலும் விஞ்ஞானம் அறியாமலே விஞ்ஞானத்தைக் கைக்கொண்டதென்று கூறலாம்.

இன்று பெரிபெரி அரிதாகிவிட்டது. ஆயினும் வேறு நோய்கள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நீரிழிவு, குருதியமுக்கம், மாரடைப்பு, பாரிசவாதம் என்பன இலங்கையிலே வீடுதோறும் அறியப்பட்ட பெயர்களாகிவிட்டன. நாட்டில் நிகழும் மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தொற்றா நோய்களாலேயே நிகழ்கின்றது. இவற்றுக்கு உணவு ஒன்றே காரணமன்று. புகையிலை, மது, உடலுழைப்பின்மை, பரம்பரை என்பனவும் உண்டு. எனினும், நாள்தோறும் மும்முறை கைக்குள் வந்து சேரும் காரணம் உணவே. வெள்ளை அரிசி, வெள்ளை மா, வெள்ளைச் சீனி என்னும் மூன்றும் தட்டிலே பெருகப் பெருக, இலைக்கறியும் பயறும் பழமும் ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டன.

அப்படியாயின், தவிடு நீங்காத உணவை மக்கள் ஏன் கைவிட்டனர்? அறியாமை என்று ஒரு சொல்லிலே விடை கூறுதல் நியாயமாகாது. முதலாவது காரணம் உழைப்பு. உரலில் இட்டு உலக்கையாற் குற்றியதும், திருகையில் அரைத்ததும், சுளகிற் புடைத்ததும் பெண்களின் கைகளே. விடியுமுன் தொடங்கி நடுப்பகல்வரை நீண்ட அவ்வேலையை ஆலை ஏற்றுக்கொண்டபொழுது அவர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை. இரண்டாவது காரணம் சேமிப்பு. தவிட்டில் எண்ணெய் உண்டு; அது நாட்பட்டாற் காறிவிடும். தீட்டிய அரிசியை வணிகர் பல மாதம் களஞ்சியத்தில் வைத்திருக்கலாம். மூன்றாவது காரணம் மதிப்பு. விருந்தினருக்கு வெள்ளைச் சோறு படைத்தலே பெருமை எனவும், குரக்கனும் சாமையும் இல்லாதோர் உணவு எனவும் ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது.

இந்த எண்ணத்துக்குப் பின்னே துன்ப நினைவுகளும் உள்ளன. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டிலே மரவள்ளியும் குரக்கனும் பல வீடுகளின் பசியாற்றின. 1990களில், போரும் பொருளாதாரத் தடையும் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில், உள்ளூரில் விளைந்ததையே நம்பி மக்கள் வாழ்ந்தனர். அந்நாட்களைக் கடந்து வந்த முதியோர் ஒருவர் ஒடியற் பிட்டைக் கண்டு முகம் சுளித்தால், அது நாவின் வெறுப்பன்று, நினைவின் வலி. உணவை மாற்ற விரும்புவோர் இதனை மதித்தல் வேண்டும். பஞ்சம் திணித்த உணவுக்கும், மனம் விரும்பித் தேர்ந்த உணவுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைப் பொறுமையுடனேதான் உணர்த்த முடியும்.

ஐவர் வாழும் ஒரு வீட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பாட்டியாருக்கு நீரிழிவு. தந்தையார் அலுவலகத்தில் இருந்த இடத்திலேயே பணிபுரிபவர். தாயாரும் தொழிலுக்குச் செல்பவர். பிள்ளைகள் இருவர் பாடசாலையிற் படிக்கின்றனர். மருத்துவர் கூறிய ஓர் எச்சரிக்கையைக் கேட்டு, ஒரே நாளில் வீட்டின் வெள்ளை அரிசியையும் பாணையும் பிஸ்கற்றையும் சீனியையும் ஒழித்துவிட்டால் என்ன நிகழும்? முதல் நாளில் உற்சாகம். மூன்றாம் நாளில் வயிற்றுப் பொருமல். ஐந்தாம் நாளில் பிள்ளைகளின் அழுகை. இரண்டாம் வாரத்திற் பழைய உணவு. ‘தவிடு மாட்டுக்கு வைப்பதன்றோ’ என்று பாட்டியார் ஒரு சொற் கூறிவிட்டால், முயற்சி அன்றே முடிந்துவிடும்.

படிப்படியாக மாற்றுவதற்கு மூன்று நியாயங்கள் உண்டு. ஒன்று குடலைச் சார்ந்தது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைப் புளிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. நார்ப்பொருள் திடீரெனப் பெருகினால் வயிறு ஊதும். சிறிது சிறிதாகக் கூட்டி, நீரும் போதியளவு அருந்தினால் இத்தொல்லை பெரும்பாலும் தணியும். இரண்டாவது நாவைச் சார்ந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள மொனெல் ஆய்வுநிலையத்தார் 1982இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், உப்புக் குறைந்த உணவைச் சில மாதங்கள் உண்டவர்கள், முன்னர் தாம் விரும்பியதிலும் குறைந்த உப்பையே விரும்பத் தொடங்கினர். சுவை கல்லிற் பொறித்த எழுத்தன்று, பழக்கத்தால் மாறுவது. மூன்றாவது மனத்தைச் சார்ந்தது. புதிய உணவைக் கண்டு தயங்குதல் குழந்தையின் இயல்பு. ஒருமுறை மறுத்ததைக் கொண்டு, அதற்குப் பிடிக்காது என முடிவு செய்தலாகாது. எட்டுப் பத்து முறையேனும், வற்புறுத்தாமல், சிறு அளவில் முன்வைத்தால் பல குழந்தைகள் ஏற்றுக்கொள்ளும்.

மாற்றத்தை அரிசியிலேயே தொடங்குதல் நன்று. நான்கு சுண்டு அரிசி போடும் வீட்டில், முதல் இரு வாரங்களுக்கு ஒரு சுண்டு மாத்திரம் தீட்டாத சிவப்பரிசியாக இருக்கட்டும். அடுத்த இரு வாரங்களில் அது இரண்டாகலாம், பின்னர் மூன்றாகலாம். இரண்டு மாதங்களின் முடிவில், முழுவதும் தீட்டாத அரிசியாக்குவதா, மூன்றுக்கு ஒன்று என நிறுத்திக்கொள்வதா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கலாம். இரண்டும் வெற்றியே. சமைக்கும்பொழுது ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். தவிடு நீரை எளிதில் உட்புக விடாது. ஆகையால், தீட்டாத அரிசியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, முதலில் உலையிலிட்டு, அது பாதி வெந்த பின்னரே மற்ற அரிசியைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக இட்டால் ஒன்று குழைந்துபோக, மற்றது கடினமாக நிற்கும். சிவப்பரிசி நன்றாக இல்லை என்று கைவிட்டோர் பலர், உண்மையில் வேகாத சோற்றையே கைவிட்டவராவர். அரிசியைப் பன்முறை கசக்கிக் கழுவுவதால் நீரிற் கரையும் விற்றமின்கள் வீணாகும். வடித்த கஞ்சியைக் கொட்டாமற் பயன்படுத்தும் பழைய வழக்கமும் நல்லதே.

சொந்த வயலின் நெல்லை ஆலைக்குக் கொண்டுசெல்வோர், உமியை மாத்திரம் நீக்கித் தருமாறு கேட்கலாம். இறப்பர் உருளை பொருத்திய இயந்திரங்கள் இதற்கு ஏற்றவை. யாழ்ப்பாணத்து மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்கள் கிடைக்குமாயின், அவற்றின் சுவையே மாற்றத்துக்குத் துணைசெய்யும். தீட்டாத அரிசியை இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மேல் வாங்கிச் சேமித்தலாகாது. காற்றுப் புகாத கலத்தில் இட்டு, குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்.

அரிசியின் பின்னர் மாவின் முறை வரும். பிட்டுக்கு மூன்று பங்கு சிவப்பரிசி மாவும் ஒரு பங்கு குரக்கன் மாவுமாகத் தொடங்கலாம். இடியப்பத்துக்குச் சிவப்பரிசி மாவே போதும். தோசைக்கு உழுந்துடன் சேர்க்கும் கோதுமை மாவில் ஒரு பகுதியைக் குறைத்து, ஊறவைத்து அரைத்த சாமையையோ வரகையோ சேர்க்கலாம். மா புளித்தபின் வேறுபாடு அவ்வளவாகத் தோன்றாது. பாண் வாங்குவோர் அதன் நிறத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. மண்ணிறமான பாணெல்லாம் முழுக் கோதுமைப் பாண் அன்று. நிறம் சேர்த்ததாலும் மண்ணிறம் வரும். உறையில் எழுதப்பட்ட பொருள்களின் வரிசையிலே முழுக் கோதுமை மா முதலில் நிற்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஒடியல் மாவைப் பயன்படுத்துவோர், அதனை நீரிலிட்டு, நீரை வடித்துப் பிழிந்து, கசப்பு நீக்கிய பின்னர் அவிக்கும் மரபை விட்டுவிடக் கூடாது. முன்னோர் அம்முறையை வீணே வகுக்கவில்லை.

குரக்கனைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் இருக்கின்றது; அரிசியில் அதில் மிகச் சிறிய பங்குதான் உண்டு. இது குரக்கனின் பெருமை. ஆனால், குரக்கன் உண்டால் நீரிழிவு ஏறாது என்பது உண்மையன்று. அதுவும் மாச்சத்து நிறைந்த தானியமே. மிக நுண்ணியதாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, அளவின்றி உண்டால் குருதியிற் சீனி உயரத்தான் செய்யும். முழு மணியாக உண்பதும், அளவோடு உண்பதும், பயறும் இலைக்கறியும் சேர்த்து உண்பதுமே அதன் ஏற்றத்தைத் தணிக்கும்.

மூன்றாவது படி தட்டின் அமைப்பு. மலை போலச் சோறு குவித்து, அதன் அடிவாரத்திலே கறியைத் தொட்டுக்கொள்ளும் வழக்கம் மாறுதல் வேண்டும். தட்டின் பாதியை மரக்கறியும் கீரையும் நிரப்பட்டும். காற்பங்கு சோறாகவும், மற்றக் காற்பங்கு பருப்பு, பயறு, மீன், முட்டை என்பவற்றுள் ஒன்றாகவும் இருக்கட்டும். தானியப் புரதத்தில் லைசீன் என்னும் கூறு குறைவு. அவரையினத்துப் புரதத்தில் மெதியோனீன் குறைவு. இரண்டையும் சேர்த்துண்ணும்பொழுது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகின்றது. சோறும் பருப்பும், தோசையும் உழுந்தும், பிட்டும் பயறும் என்ற பழைய இணைகளிற் பொருத்தம் இருக்கின்றது. பயறு, கௌபி, கடலை என்பவற்றை இரவில் ஊறவைத்து முளைக்கச் செய்தால், கனிப்பொருள்களைப் பிடித்துவைக்கும் பைற்றேற்று என்னும் பொருள் குறையும். சமைக்கும் நேரமும் சுருங்கும்.

கீரைக்குப் பணம் வேண்டியதில்லை. வேலியோரத்து முருங்கை, கிணற்றடியில் வளரும் வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி என்பன கையெட்டும் தொலைவிலேயே உள்ளன. கீரையிலுள்ள இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்வதற்கு விற்றமின் சி துணைசெய்யும். ஆகையால் வறையில் இறுதியிற் பிழியும் தேசிப்புளி வெறும் சுவைக்காக மாத்திரமன்று. மாறாக, சாப்பாட்டுடன் அருந்தும் தேநீர் இரும்பைத் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தல், குறிப்பாக வளரும் பெண்பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் நன்மை தரும்.

அடுத்தது சீனி. நாளொன்றுக்கு மூன்று கோப்பைத் தேநீர், கோப்பைக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி என்று வைத்துக்கொண்டால், தேநீரில் மாத்திரம் ஏறக்குறைய 40 கிராம் சேர்ந்துவிடுகின்றது. உணவிற் சேர்க்கப்படும் சீனி முதலியவற்றால் வரும் சக்தி மொத்தத்தில் பத்து வீதத்துக்குக் குறைய வேண்டும் என உலக சுகாதார தாபனம் கூறுகின்றது. வளர்ந்த ஒருவருக்கு அது ஏறக்குறைய 50 கிராம். அதிலும் பாதியாக்கினால் மேலும் நன்று என்பது அத்தாபனத்தின் கருத்து. தேநீரிலே வாரத்துக்கு அரைக் கரண்டி குறைத்தால், மாற்றம் நாவுக்குத் தெரியாமலே நிகழும். பனங்கட்டி சீனியினும் சிறிது கனிப்பொருள் மிகுந்தது. எனினும் அதுவும் பெரும்பாலும் சீனியே. நீரிழிவுள்ளோர் பனங்கட்டியை மருந்தெனக் கருதுதல் ஆபத்தானது.

உப்பின் எல்லை நாளுக்கு 5 கிராம். அதாவது ஒரு மட்டத் தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், பொதிசெய்த நொறுக்குத்தீனி ஆகியவற்றிலுள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும். மாலை வேளையின் பிஸ்கற்றுக்கும் பொரியலுக்கும் பதிலாக, முதலில் வாரத்துக்கு இரண்டு நாள், அவித்த கடலையோ, கௌபியோ, வறுத்த கச்சானோ, எள்ளுருண்டையோ, பருவத்திற் கிடைக்கும் பனங்கிழங்கோ, கொய்யாவோ, பப்பாசியோ கொடுக்கலாம். மரக்கறியும் பழமும் சேர்ந்து நாளுக்கு 400 கிராம், நார்ப்பொருள் 25 கிராம் என்பன வளர்ந்தோருக்கு வகுக்கப்பட்ட குறைந்த அளவுகள். அவற்றை எட்டுவதற்கு ஆறு மாதம் சென்றாலும் தாழ்வில்லை.

இம்மாற்றம் எல்லாருக்கும் ஒரே அளவிற் பொருந்தாது என்பதையும் அறிதல் வேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உணவைக் குறைத்தோ மாற்றியோ உண்ணும்பொழுது, மருந்தின் அளவு மாறாதிருப்பின் குருதியிற் சீனி அளவுக்கு மீறித் தாழக்கூடும். ஆகையால் மாற்றத்தைத் தொடங்குமுன் மருத்துவரிடம் கூறுதல் கடமை. சிறுநீரக நோயுள்ளோருக்குப் பொற்றாசியமும் பொசுபரசும் நிறைந்த உணவுகள் தீங்காகலாம். கீரை, பயறு, தவிட்டரிசி என்பன அவ்வகையின. அவர்கள் மருத்துவர் வகுத்த உணவையே பின்பற்ற வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் வயிறு சிறிது. நார்ப்பொருள் அதனை விரைவில் நிரப்பிவிட்டால் வளர்ச்சிக்கு வேண்டிய சக்தி கிடையாது. அக்குழந்தைக்கு மென்மையும் செறிவும் உடைய உணவே ஏற்றது.

பிள்ளைகளின் மதிப்புணர்வையும் கவனித்தல் வேண்டும். குரக்கன் றொட்டியைப் பாடசாலைக்குக் கொண்டுசென்ற பிள்ளை தோழரின் நகைப்புக்கு அஞ்சி அதனைத் திறவாமலே திரும்பக் கொண்டுவருமாயின், குற்றம் றொட்டியிலும் இல்லை, பிள்ளையிலும் இல்லை. தொடக்கத்திற் புதிய உணவை வீட்டிலேயே பழக்கி, பாடசாலைக்குப் பழகிய உணவையே அனுப்பலாம். பிள்ளையே விரும்பிக் கேட்கும் நாள் வரும்பொழுது அனுப்பினாற் போதும். முருங்கையிலை உருவுதல், பயறு முளைக்கவிட்டு நாள்தோறும் பார்த்தல் ஆகிய வேலைகளைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால், தாம் ஆக்கியதைத் தாமே உண்ணும் ஆவலும் தோன்றும்.

இங்கேதான் முயற்சியின் வெற்றி தோல்வி தங்கியிருக்கின்றது. ஊறவைத்தல், முளைக்கவைத்தல், கீரை ஆய்தல், அரைத்தல் என்று முழுவுணவு கூடுதலான வேலையைக் கேட்கின்றது. அவ்வேலை முழுவதும் தொழிலுக்குச் சென்று களைத்து வரும் தாயாரின் தோள்மீதே விழுமாயின், ஆலை வந்தபொழுது நீங்கிய சுமை வேறு பெயரில் மீண்டும் ஏறியதாகும். குடும்பத்தின் நலத்துக்காக ஒருவர் நலத்தைக் கெடுப்பது நலமன்று. இரவிற் கடலையை ஊறவைப்பது தந்தையாரின் பொறுப்பாகலாம். கீரை ஆய்வது பாட்டியாரும் பிள்ளைகளும் கூடியிருந்து செய்யும் வேலையாகலாம். குரக்கனை ஒரே முறையில் ஆலையிற் கொடுத்து இரண்டு வாரத்துக்கு அரைத்துக்கொள்ளலாம். வேலையைப் பகிர்ந்துகொள்ளாத வீட்டில் உணவு மாற்றம் நீடிப்பது அரிது.

செலவிலும் கணக்கு உண்டு. சில இடங்களிலே தீட்டாத அரிசியின் விலை கூடுதலாக இருக்கலாம். ஆனால், அது விரைவிற் பசியாற்றுவதாற் சிறிது குறைவாகவே செல்லும். பிஸ்கற்று, இனிப்புப் பானம், பொதிசெய்த தீனி என்பவற்றிற் குறைந்த பணம் பயறுக்கும் பழத்துக்கும் உதவும். திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் பரிமாறும் வெள்ளைச் சோற்றையும் பாயசத்தையும் மறுத்து, உறவினர் மனத்தைப் புண்படுத்த வேண்டியதில்லை. ஆண்டில் எந்நாளும் உண்பதே உடம்பை ஆக்குகின்றது. என்றோ ஒரு நாள் உண்பது அதனைக் கெடுத்துவிடாது.

பாட்டியாரின் இளமைக் காலத்துச் சமையல் முழுவதையும் மீண்டும் கொண்டுவருதல் இயலாது. அதன் கடும் உழைப்பை மீண்டும் விரும்புவாரும் இல்லை. அச்சமையலின் அறிவை மாத்திரம் இன்றைய வசதியுடன் இணைத்தல் இயலும். குரக்கன் பிட்டுக்கு எவ்வளவு நீர் தெளிப்பது, ஒடியலை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, வரகை எப்படிப் பதமாக வேகவைப்பது என்பவற்றை அறிந்தவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்டு அறிவதும் உணவு மாற்றத்தின் ஒரு படியே. தம் அறிவு வேண்டப்படுவதைக் கண்ட முதியவர், தவிட்டைப் பற்றிய பழைய வெறுப்பையும் மெல்ல மறந்துவிடக்கூடும். நான்கு சுண்டு அரிசியில் ஒரு சுண்டை மாற்றுவதற்குப் பெருஞ் செல்வமோ பெருங் கல்வியோ வேண்டியதில்லை. இரண்டு மாதப் பொறுமையும், வீட்டார் அனைவரின் கையுதவியும் இருந்தாற் போதும்.